ஐந்தாவது இடைநிறுத்தம்

சிவகௌரி இருபத்திரண்டு ஆண்டுகளாக லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றில் பாத சிகிச்சை கற்பிக்கிறார். சர்க்கரை நோயாளியின் காலை வெட்டவிடாமல் காப்பாற்றும் தொழில் அது. பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தார். அறுபத்தொரு நோயாளிகளின் பாத அழுத்தத்தையும் அளந்து முடித்தார். எழுதுவதுதான் மிச்சம்.

செப்டெம்பர் வந்தால் யாராவது ஒரு விரிவுரையாளர் ஆஸ்பத்திரி வேலைக்கே திரும்பிப் போய்விடுவார். அவருடைய வகுப்புகளைச் சிவகௌரி எடுப்பார். தன் ஆய்வை இடைநிறுத்தக் கேட்டுப் படிவம் நிரப்புவார். இந்த ஒரு தவணைக்குத்தான் என்று நினைத்து நான்கு முறை நிரப்பினார். ஐந்தாவது முறை பதிவே ரத்தானது.

இந்த ஆண்டு துறைத்தலைவர் ஓய்வு பெற்றார். முனைவர் பட்டம் உள்ள ஒருவர் மே முடிவதற்குள் அந்த இடத்துக்கு வராவிட்டால் புதிய மாணவர்களைச் சேர்ப்பதில்லை என்று நிர்வாகம் முடிவெடுத்தது. மூன்று முறை விளம்பரம் செய்தும் தகுதியான எவரும் விண்ணப்பிக்கவில்லை. சிவகௌரி விண்ணப்பித்தார். பட்டம் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

எஞ்சியது கிருஷாந். அவருடைய பழைய மாணவன். அங்கேயே மூன்று ஆண்டுகள் கற்பித்தபடி முனைவரானவன். இப்போது ஆஸ்பத்திரியில் மூத்த சிகிச்சையாளன். சிவகௌரி அவனை ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்த் தேநீர்க்கடைக்கு வரச்சொன்னார்.

“தேத்தண்ணியும் ரோல்ஸும் வாங்கித் தந்து ஆள் பிடிக்கிற அளவுக்கு வந்திட்டுதோ மிஸ்?” என்றான்.

சிரித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். சம்பளம் குறையும் என்பதையும் மறைக்கவில்லை. அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. சீனி கரைந்த பிறகும் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தான்.

“நான் எழுதி முடிச்சது, என்ர வகுப்புகளையும் நீங்கள் எடுத்தபடியாத்தான். அது எனக்குத் தெரியும் மிஸ். ஆனா நீங்கள் படுற பாட்டைப் பாத்துத்தான் நான் அங்கயிருந்து போனனான். அந்தத் தலைவர் கதிரையில என்னால இருக்க ஏலாது.”

அவன் சொன்னதில் சிவகௌரிக்குப் பிழை பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை.

ஜூனில் சேர்க்கை நிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் முதலாம் ஆண்டு வகுப்புகள் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய வாரத்தில் இரண்டு நாட்கள் வெறுமையாக இருந்தன. ஆய்வை மீண்டும் பதியலாமா என்று எழுதிக் கேட்டார்.

பதில் அன்றைக்கே வந்தது. விதிப்படி தடையில்லை. மேற்பார்வை செய்யத்தான் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர் எவரும் இல்லை.