ஏர்போர்ட் தேவசகாயம் போட்ட கணக்கு

மஞ்சக்குப்பத்தில் தேவசகாயம் என்றால் யாருக்கும் தெரியாது. ஏர்போர்ட் தேவசகாயம் என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். பைலட் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு தடவை சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரண்டு மாதத்தில் திரும்பி வந்த மகராசன். வேலை நிலைக்கவில்லை, வாய் நிலைத்துவிட்டது. அன்றிலிருந்து எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், பிளேனில் எத்தனை மணி நேரம் என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் சொல்வதே அவர் உத்தியோகம். வீட்டில் அடுப்பு எரிந்ததோ மனைவி அந்தோணிமேரி தைத்த ஜாக்கெட்டுகளால்.

அந்தப் பீற்றலைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. 'கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போனானாம்' என்று தையல் மிஷினிடம் முணுமுணுப்பாள்.

2012 கோடையில் அவள் அம்மா தங்கம்மாள் இறந்துபோனாள். தம்பி ஜெனித் டொரண்டோவில் இருந்தான். "அக்கா, பிளேன் ஏறப்போறேன். நான் வந்து அம்மா மொகத்தப் பாக்காம பொதச்சிடாதீங்க" என்று போனில் அழுதான். அவளுக்கு அது ஒன்றே கவலை.

சிதம்பரத்திலிருந்து வந்திருந்த சித்தி மகள் பெலிசியா, "அக்கா, கரண்ட்டு பாதி நாளு இருக்கறதில்ல. ஐஸ் பெட்டிக்கு ஒரு ஜெனரேட்டர் சொல்லிடலாம்" என்றாள்.

"எதுக்கு வெட்டிச் செலவு?" என்றார் தேவசகாயம். "பிரவுசிங் சென்டர்ல பாத்துட்டு வந்துட்டேன். அங்கேருந்து மெட்ராசுக்குப் பதிமூவாயிரம் கிலோமீட்டர். மணிக்குத் தொள்ளாயிரம் போவும். பதினஞ்சு மணி நேரம், அவ்ளோதான். நாளைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு இங்க நிப்பான்."

"நடுவுல எங்கயும் நிக்காதா மாமா?"

"இது என்னா சிதம்பரம் பஸ்ஸா, ஆலப்பாக்கத்துல நிறுத்தி ஆள் ஏத்த?"

சாவு வீடென்றும் பார்க்காமல் நாலு பேர் சிரித்தார்கள். அந்தோணிமேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிணத்தை வைத்துக்கொண்டு சண்டை எதற்கென்று வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் போன கரண்ட் வரவேயில்லை. நாலு மணி ஆயிற்று, ஜெனித் வரவில்லை. ஜெனரேட்டருக்கு ஆட்கள் ஓடினார்கள். முகூர்த்த நாள், எல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டன. இருட்டப் போகிற நேரத்தில் பங்குச் சாமியார் அவளைத் தனியே அழைத்து, "இனிமே தாங்காதும்மா" என்றார். அவளே வெள்ளைத் துணியை இழுத்து அம்மாவின் முகத்தை மூடினாள்.

ஜெனித் விடியற்காலையில் வந்து சேர்ந்தான். லண்டனில் அடுத்த பிளேனுக்குப் பாதி நாள் உட்கார வைத்துவிட்டார்களாம். கல்லறையில் ஈர மண்மேல் குப்புற விழுந்து, "ஒரே ஒரு தடவ பாத்திருப்பேனே அக்கா" என்று கதறினான்.

தேவசகாயம் பக்கத்து வீட்டுப் பழனிவேலின் காதோரம் குனிந்தார். "என் கணக்கு தப்பில்ல மச்சான். பறந்த நேரத்த மட்டும் பாரு, சரியா வரும். அவன் உக்காந்து கெடந்ததுக்கு நான் என்னா பண்ணுவேன்?"

அந்தோணிமேரி திரும்பினாள். இத்தனை வருஷமும் 'ஏங்க' என்று மட்டுமே கூப்பிட்டவள்.

"யோவ்! நீ செத்தா நான் எவனுக்காவவும் காத்துக் கெடக்க மாட்டேன். நம்ம வூட்லேந்து இந்தக் கல்லறைக்கு எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்னு இப்பவே கணக்குப் போட்டு வச்சுக்க."