வாடிப்பட்டியிலிருந்து வண்டியைக் கூட்டிவந்தது

காலை எட்டு மணிக்குப் பசுமலையில் டவுன் பஸ் ஏறினேன். மத்திய பேருந்து நிலையத்தில் திண்டுக்கல் வண்டிக்கு மாறி வாடிப்பட்டிக்கு டிக்கெட் கேட்டேன். இரண்டு ரூபாய். "ஒண்ணுதானா?" என்றார் நடத்துநர். ஏழு மாதமாக எங்கே போனாலும் எனக்கு ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் காலமானபின் அவருடைய ஃபியட் வாசலில் சும்மா நின்றது. போன ஞாயிறு, வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல், அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். லைசன்ஸ் உண்டு, பழக்கம்தான் கம்மி. வாடிப்பட்டி அருகே ஓர் ஆடு குறுக்கே வந்தது. ஆடு பிழைத்தது, நான் புளியமரத்தில் மோதினேன். வண்டியை அங்கேயே ஓர் ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு வந்தேன்.

பரவை, சமயநல்லூர் தாண்டி இருபத்தைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் அறுத்துப்போட்ட வயல். இன்ஷூரன்ஸ் கிடைக்காவிட்டால் வண்டியை விற்கவேண்டியதுதான் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதில்தான் இன்னும் என் வீட்டுக்காரரின் மூக்குப்பொடி வாசம் இருக்கிறது.

ஒர்க் ஷாப்பில் இன்ஷூரன்ஸ்காரர் நெளிந்த பம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி யாரு பேர்லம்மா?"

"அவுக பேர்ல."

"ஓனர் சம்மதத்தோட, லைசன்ஸ் உள்ள யாரு ஓட்டுனாலும் பாலிசி செல்லும். சார் குடுத்துத்தான எடுத்தீக?"

"அவுக போயிட்டாகளே."

"எங்க, வெளியூரா? எப்ப வருவாக?"

அந்த மனுஷரைச் சொல்லிக் குற்றமில்லை. 'போயிட்டாக' என்றே சொல்லிப் பழகியவள் நான்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மற்றச் சொல் என் வாயில் வந்தது.

"செத்துப்போயிட்டாக சார்."

அவர் பேனாவை மூடினார். வண்டியையும் பாலிசியையும் என் பெயருக்கு மாற்றியிருக்கவேண்டும். இப்போது சம்மதம் சொல்ல ஆளில்லை, கம்பெனி ஒத்துக்கொள்ளாது என்றார். பிறகு மனசு கேட்காமல், "சார் இருந்திருந்தா, ஓட்டுன்னுதான சொல்லியிருப்பாக?" என்றார்.

"எங்க சார்! கியர அரைச்சுருவேன்னு சாவியச் சட்டைப்பையிலயே வச்சிருப்பாக!"

சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது.

மெக்கானிக் பக்கத்தில் வந்தார். "விக்கிறதுன்னா சொல்லுங்கக்கா, ஆளு இருக்கு."

"விக்கல தம்பி. ஓடுமா?"

"ஓடும்க்கா. லைட்டு ஒண்ணுதான் எரியும். இருட்டுறதுக்குள்ள போயிருங்க."

மெல்ல ஓட்டிவந்தேன். சமயநல்லூரில் கியர் கடகடவென்று அரைத்தது. "கிளச்ச மிதிடி" என்று சொல்லப் பக்கத்தில் யாருமில்லை.

என் சம்பளத்தில் மிச்சம்பிடித்துப் பம்பரைச் சரிசெய்துகொள்வேன். வண்டியையும் என் பெயருக்கு மாற்றப்போகிறேன். அப்புறம் அதை எடுக்க யாருடைய சம்மதமும் எனக்கு வேண்டியதில்லை. பசுமலை வந்து சேர்ந்தும், அதை நினைத்தபடி வண்டியை விட்டு இறங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.