கார்த்திகையில் குறையும் பீர்

தி.நகரில் நான் வேலை பார்க்கும் அலுவலகம், நாட்டின் பீர் சந்தை எப்படிப் போகும் என்று வருஷா வருஷம் அறிக்கை எழுதி விற்கிறது. தமிழ்நாட்டுப் பகுதி என் தலையில். பீரை மோந்துகூடப் பார்க்காதவள் நான். லைட் பீர் போணியாகவில்லை, ஸ்ட்ராங்தான் ஓடுகிறது, அடையாறு பக்கத்துப் பிள்ளைகள் கோதுமை பீர் கேட்கிறார்கள், வெயில் ஏற ஏற விற்பனையும் ஏறும் என்றெல்லாம் கூசாமல் எழுதுவேன்.

வடக்கத்தி மேலாளருக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கார்த்திகை பிறந்ததும் இங்கே ஏன் விற்பனை படுத்துவிடுகிறது, குளிரா என்று கேட்டார். சென்னையில் குளிராம். ஆண்கள் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு குடியை நிறுத்துவார்கள், தை பிறந்ததும் பழையபடி ஆகிவிடும் என்று விளக்கினேன். அதையும் அறிக்கையில் சேர்க்கச் சொன்னார்.

எழுதக் கை வரவில்லை. என் கணவரும் மாலை போட்டிருந்தார். ஈரல் பாதி போய்விட்டது, இன்னொரு வருஷம் குடித்தால் ஆள் தங்கமாட்டார் என்று ஐப்பசியிலேயே டாக்டர் எங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு போட்ட மாலை. கே.கே. நகர் வீட்டில் விடியற்காலையில் குளித்துச் சரணம் சொன்னார். நான் சாமி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கைநடுக்கம் நின்றது. பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். குடிக்காத மனுஷனோடு குடித்தனம் நடத்துவது இவ்வளவு லேசா என்று இருந்தது. நம்பினேன். முட்டாள்தனமாக, முழுசாக நம்பினேன்.

தை பிறந்து மலையிலிருந்து திரும்பியவர், தெருமுனைப் பிள்ளையார் கோயிலிலேயே மாலையைக் கழற்றிவிட்டுக் கட்டைப்பையோடு வீட்டுக்குள் வந்தார். அரவணைப் பாயச டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். பையின் அடியில் பேப்பர் சுற்றிய பீர் பாட்டில்கள் இருந்தன.

"பீருதாம்மா. பிராந்தியத் தொடமாட்டேன்னுதான் சாமிகிட்ட வேண்டிக்கினு வந்தேன்."

டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். பீரெல்லாம் குடியில் சேர்த்தியா என்று கேட்டார். என்னை ஏமாற்றவில்லை, மனசார அப்படித்தான் நினைத்தார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. ஃப்ரிட்ஜில் இட்லிமாவுப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு அவர் பாட்டில்களை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இவரை இழக்கப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது.

என் முகத்தைப் பார்த்து அவரே சமாதானம் சொன்னார்.

"இன்னாம்மா இப்போ. வர்ற கார்த்திகைக்கு மறுபடியும் மாலை போட்டுக்கிறேன், போதுமா?"

கார்த்திகைக்கு முன்னால் முழுக் கோடையும் கிடக்கிறது.