நாவலில் இல்லாத அத்தை

அச்சகத் தெருவில் அவருக்குக் கைடு டீச்சர் என்று பெயர். அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் எடுத்தவரில்லை. பன்னிரண்டு வருடமாகப் பள்ளி இறுதித் தேர்வின் இலக்கியத் தாளுக்குக் கைடு எழுதுவதுதான் வேலை. கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, இரண்டு மதிப்பெண் கேள்வி, எட்டு மதிப்பெண் கேள்வி, எல்லாவற்றுக்கும் மனப்பாடம் செய்யத் தோதாக விடைகள். கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர்; வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில். வீட்டில் டீச்சரும் பதினேழு வயது மகளும் மட்டும்.

அலுவலகம் என்பது பைண்டிங் கூடத்துக்கு மேலே ஒற்றை அறை. கீழே காயும் பசையின் நாற்றம் படியேறி வந்து சாப்பாட்டு டப்பாவுக்குள்ளும் நுழைந்துவிடும். ஜன்னல் கண்ணாடியில் விரல் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். முதலாளி பேசிக்கொண்டே பேனா மூடியால் காது குடைவார், வந்ததை உற்றுப் பார்ப்பார், பிறகு அதே பேனாவை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார். டீச்சர் சொந்தப் பேனா இல்லாமல் அவர் முன்னால் போனதே இல்லை.

அந்த வருடம் பாடத்திட்டத்தில் ஒரு பழைய நாவலைச் சேர்த்தார்கள். பதினாறு வயதுப் பையன் ஒருவனை விடுதியிலிருந்து துரத்திவிடுகிறார்கள். அவன் நேரே வீட்டுக்குப் போகாமல் பதினான்கு நாள் ஒரு துறைமுக ஊரில் சுற்றுகிறான். பார்ப்பவரிடமெல்லாம் பொய் சொல்கிறான், எல்லாரையும் வெறுக்கிறான், கடைசியில் தன் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டாமல் நிற்கிறான். அவ்வளவுதான் கதை. டீச்சர் கல்லூரியில் படித்தபோது நூலகத்திலிருந்து அதை எடுத்து வந்து, முடித்ததும் இரண்டு நாள் யாருடனும் பேசாமல் இருந்தார். இப்போது அதே புத்தகத்தை மூன்று நாளில் நாற்பது பக்கமாக்க வேண்டும்.

முதல் நாளே முதலாளி வந்து மேசை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஹீரோவோட நற்பண்புகள் அஞ்சு போட்டுடுங்க மேடம்."

"அந்தப் பையனுக்கு நற்பண்புன்னு ஒண்ணும் இல்ல சார். அதுதான் கதையே."

"இல்லாம எப்படி? ஹீரோ இல்லையா அவன்? அஞ்சு போடுங்க. நாம நாலு போட்டா எதிர்க்கடை கைடுல ஆறு இருக்கும்."

அஞ்சு போட்டார். துணிவு, நேர்மை, அன்பு, தன்னம்பிக்கை, இயற்கையை நேசித்தல். நேர்மை என்று எழுதும்போது வாயில் துருப்பிடித்த ஆணியைக் கடித்த மாதிரி இருந்ததாம். பையன் முதல் அத்தியாயத்திலேயே எட்டுப் பொய் சொல்கிறான். இயற்கையை நேசித்தல் எங்கிருந்து வந்தது என்று தட்டச்சு செய்பவர் கேட்டார்.

"ஒரு இடத்துல கடலைப் பார்த்துக்கிட்டு நிக்கறான்."

"நின்னு?"

"காறித் துப்பறான்."

"அப்ப சரி," என்று அவர் அடித்து முடித்தார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கைடு கடைக்கு வந்த பத்தாம் நாள் அடுத்த தெருவில் இன்னொரு கைடு வந்துவிடும். வரிக்கு வரி அதேதான், அட்டை மட்டும் வேறு. அதனால் ஒவ்வொரு கைடுக்குள்ளும் வேண்டுமென்றே ஒரு பொய்யைப் புதைத்து வைப்பார்கள். அதற்குப் பொறி என்று பெயர். எதிராளி அந்தப் பொய்யையும் சேர்த்து அச்சடித்தால் திருட்டு நிரூபணமாகிவிடும். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் என்ன பொறி என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி முதலாளி கையெழுத்துப் போட்டு வைப்பார். பொறி வைப்பதில் ஒரே ஒரு விதிதான்: அதிலிருந்து எந்தக் கேள்வியும் வரக்கூடாது. டீச்சர் வழக்கமாகக் குடையின் நிறத்தை மாற்றுவார், நாய்க்குப் பெயர் வைப்பார், மாடி வீட்டைக் கூரை வீடாக்குவார். யாருக்கும் தெரிந்ததில்லை.

இந்தத் தடவை அவர் ஒரு அத்தையை வைத்தார். மூன்றே வரி. நான்காம் நாள் மழையில் நனைந்து நிற்கும் பையனை அவனுடைய அத்தை பார்க்கிறாள், தன் கம்பளிச் சட்டையைக் கழற்றிப் போர்த்துகிறாள், "உனக்கு நான் இருக்கேன்" என்கிறாள். நாவலில் பெரியவர்கள் இருபது பேர் வருகிறார்கள், இருபது பேரும் அவனைக் கைவிடுகிறார்கள். புத்தகத்தைப் படித்த யாருக்கும் இந்த அத்தை பொய் என்று பார்த்த உடனே தெரியும். அதனால்தான் பயமில்லாமல் எழுதினார். படித்தவர்கள் இருப்பார்கள் என்று நம்பியதுதான் அவர் செய்த தவறு.

மகள் அந்த வருடம்தான் அதே தேர்வை எழுதினாள். அம்மா எழுதிய கைடை அவள் கையால் தொட்டதில்லை.

"எட்டு மார்க் கேள்வியையாவது ஒரு தடவை பார்த்துக்கோடி," என்பார் டீச்சர்.

"யாரோ மென்னு துப்பினத நான் ஏம்மா திங்கணும்?"

"யாரோ இல்ல, உங்கம்மா."

"அம்மா மென்னாலும் துப்பினது துப்பினதுதான்."

 அவள் சொன்னது தப்பில்லை என்பதுதான் டீச்சருக்கு எரிச்சலாக இருந்தது. மகள் நாவலை மூன்று முறை படித்தாள். குளியலறை வாசலில் உட்கார்ந்து படித்தாள், பருப்பு கரியக் கரிய அடுப்பு முன்னால் நின்று படித்தாள்.

தேர்வு முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்.

"அம்மா, அந்தக் கதையில அத்தை யாரு?"

டீச்சர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"முப்பத்தி நாலாவது கேள்வி. கண்டிப்பா எழுதணும், சாய்ஸ் கிடையாது. அத்தையின் பாத்திரப் படைப்பை விளக்குகன்னு. எட்டு மார்க். அப்படி ஒருத்தி கதையிலேயே இல்லைன்னு எழுதிட்டு வந்தேன். ஏன் இருக்க முடியாதுன்னு ரெண்டு பக்கம் எழுதினேன். அப்படி ஒரு அத்தை இருந்திருந்தா அவன் அஞ்சாவது நாளே வீட்டுக்குப் போயிருப்பான்ல?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. டீச்சர் சொன்னார், பொறி, நோட்டு, மூன்று வரி எல்லாவற்றையும். மகள் கேட்டு முடித்தாள். கோபப்படவில்லை. குப்பைத் தொட்டியில் எதையோ பார்த்துவிட்ட முகத்தோடு அம்மாவைப் பார்த்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அன்றிலிருந்து ஒரு மாதம் அங்கேதான் சாப்பிட்டாள்.

கேள்வி தயாரித்தவர்கள் நாவலைத் திறக்கவில்லை, கைடைத் திறந்திருக்கிறார்கள். கேள்வித்தாளில் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது, இருபத்தோரு பேரில் அப்படி ஒருத்திதான் அகப்பட்டிருக்கிறாள். விடைக்குறிப்பும் அதே கைடிலிருந்துதான்: கம்பளிச் சட்டைக்கு இரண்டு மதிப்பெண், "உனக்கு நான் இருக்கேன்" என்ற மேற்கோளுக்கு மூன்று, கருணைக்கு மூன்று.

முடிவு வந்தது. மற்ற தாள்களில் எல்லாம் மகளுக்கு எண்பதுக்கு மேல். இலக்கியத்தில் முப்பத்தொன்று; கைடு வார்த்தையில் எழுதாத விடைக்கெல்லாம் பாதி மதிப்பெண்தான். தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். மறுதேர்வு அடுத்த வருடம்தான், கல்லூரியில் கிடைத்த இடத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் காட்ட வேண்டும். விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தார்கள். முப்பத்து நாலாவது விடைக்குப் பக்கத்தில் சிவப்பில் பூஜ்யம். அதன் கீழே திருத்தியவர் எழுதியிருந்தார்: "நாவலைப் படிக்கவில்லை."

அதைப் படித்ததும் டீச்சர் முகம் கழுவிக்கொண்டு நேரே முதலாளியிடம் போனார்.

விஷயத்தைக் கேட்டு முதலாளி இருமல் வரும்வரை சிரித்தார். "போர்டே நம்ம பொறியில மாட்டிக்கிச்சா? இத்தனை வருஷத்துல இவ்வளவு பெரிய எலி விழுந்ததே இல்லையே."

"என் பொண்ணு ஃபெயில் சார். நான் போர்டுல போய்ச் சொல்லப்போறேன்."

சிரிப்பு நின்றது. "என்ன சொல்வீங்க? நம்ம கைடுல பொய் இருக்குன்னா? நாளைக்கு ஒரு கடைக்காரன் வாங்குவானா? ஒரு வருஷம்தானே மேடம், பறந்து போயிடும். அடுத்த வருஷம் நம்ம கைடையே படிக்கச் சொல்லுங்க, ஃபர்ஸ்ட் காப்பி நானே தர்றேன்."

பேனா மூடி மறுபடியும் காதுக்குப் போனது. டீச்சர் எழுந்து தன் மேசைக்கு வந்தார். சாப்பாட்டு வேளையில் முதலாளி கை கழுவப் போனதும் பொறி நோட்டைத் திறந்து, அத்தை இருந்த பக்கத்தை, தேதியும் முதலாளியின் கையெழுத்தும் தெரிய, கைப்பேசியில் படம் எடுத்தார். தட்டச்சு செய்பவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"வெளிச்சம் பத்தலையே. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிங்க டீச்சர்," என்றார்.

வியாழக்கிழமை அம்மாவும் மகளும் தேர்வு வாரியத்துக்குப் போனார்கள். மூன்றாம் மாடி. படிக்கட்டு மூலைகளில் பழைய விடைத்தாள் மூட்டைகள், நனைந்து பூசணம் பிடித்து, ஒரு மூட்டையின் மேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. தேர்வுப் பிரிவு அதிகாரியின் மேசையில் ஆறிப்போன தேநீரின் மேல் ஆடை கட்டியிருந்தது. விரலால் ஆடையை வழித்து மேசைக்காலில் தேய்த்துவிட்டு, "சொல்லுங்க," என்றார்.

டீச்சர் நாவலை எடுத்து வைத்தார். அதிகாரி அதைத் தொடவில்லை.

"புத்தகமெல்லாம் எதுக்கும்மா? விடைக்குறிப்புல என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க."

"இருநூத்திப் பன்னெண்டு பக்கம் சார். இதுல அத்தை எங்க இருக்கான்னு காட்டுங்க."

"இருக்கறதுக்குத்தான் பக்க எண் கேக்க முடியும். இல்லாததுக்கு நான் எந்தப் பக்கத்தைப் புரட்டறது? நாலு பேர் கமிட்டி, அதுல ரெண்டு பேர் பேராசிரியர். நாலு பேருமா சேர்ந்து இல்லாத அத்தையைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்கன்றீங்களா?"

"அவங்க கூட்டிக்கிட்டு வரல. நான்தான் கூட்டிக்கிட்டு வந்தேன்."

கைப்பேசியை நீட்டினார். அதிகாரி படத்தைப் பெரிதாக்கிப் படித்தார், மறுபடி படித்தார், எழுந்து உள்ளே போனார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு தட்டச்சு செய்த தாளோடு வந்தார். முப்பத்து நாலாவது கேள்வியை எழுத முயன்ற எல்லாருக்கும் முழு மதிப்பெண் என்று ஆணை போடத் தயார். காரணம்: வினாத்தாளில் நேர்ந்த அச்சுப்பிழை. அதற்கு முன்னால் டீச்சர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். நடந்தது அச்சுப்பிழைதான், வாரியத்தின் மேல் குறை எதுவும் இல்லை, இதைப் பற்றி எங்கும் பேசமாட்டேன் என்று.

"இது அச்சுப்பிழை இல்ல சார். யாருமே புத்தகத்தைப் படிக்கல."

"முப்பத்தொண்ணு முப்பத்தொன்பது ஆகுது. அப்புறம் என்னம்மா வேணும் உங்களுக்கு?"

மகள் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "நான் எழுதினது சரின்னு இதுல எங்கயும் இல்லையே."

"மார்க் வருதில்ல?"

"மத்தவங்களுக்கும் வருது. அத்தை நல்லவன்னு எழுதினவங்களுக்கும்."

"எல்லாருக்கும் வந்தா நல்லதுதானேம்மா?"

டீச்சர் கடிதத்தை மடித்து மேசை மேல் வைத்தார். பன்னிரண்டு வருடமாக என்னென்னவோ எழுதியிருக்கிறார், இதை எழுதப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். "வா, போகலாம்," என்றார்.

மகள் எழவில்லை.

"போட்டுடும்மா."

"என்னடி சொல்ற?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. எனக்குக் காலேஜ் போகணும். போடு."

குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. கடையில் கெட்டுப்போன பழத்தை மாற்றித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் இருப்பதை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறவர்களின் குரல் அது. ஒரு மாதமாக உள்ளறையில் தட்டோடு உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தை டீச்சர் தேடினார். திட்டுவாள், தாளைக் கிழிப்பாள், அம்மாவையும் சேர்த்துக் காறித் துப்புவாள் என்றுதான் நினைத்திருந்தார். அவள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள்.

டீச்சர் கையெழுத்துப் போட்டார். மறுநாளிலிருந்து அச்சகத் தெருவுக்குப் போகப்போவதில்லை என்பது அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. முதலாளி இனி வேலைக்கு வர வேண்டாமென்று சொல்வதற்காகக் காத்திருக்கவும் போவதில்லை.

அதிகாரி ஒரு பதிவேட்டைத் திறந்து மகள் பக்கம் திருப்பினார். மதிப்பெண் மாற்றம் பெற்ற மாணவர்கள் எழுதும் பதிவேடு. கடைசிக் கட்டத்தைக் காட்டினார்.

"இதுல திருப்தின்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா."

"எனக்குத் திருப்தி இல்லையே சார்."

"அதை எழுதாம சான்றிதழ் வெளியில வராது. மேல பாரு, எல்லாரும் எழுதியிருக்காங்க."

மகள் மேலே பார்த்தாள். பக்கம் முழுக்க ஒரே வார்த்தை, வேறு வேறு கையெழுத்தில். சற்று நேரம் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, கட்டத்துக்கு வெளியே ஒரு கோடு கூடப் போகாமல், தேர்வில் எழுதுவது போலவே குண்டு குண்டாக அதே வார்த்தையை எழுதினாள். மை காய ஊதினாள்.

அடித்து எழுதாமல், கிறுக்காமல், அவ்வளவு அழகாக அதை எழுதியதைத்தான் டீச்சரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.