பெட்டிக்குள் அடங்காத விடை

1. மாடல் டெஸ்ட்

கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்த இரண்டாம் வருடம், எங்கள் ஹெச்.ஓ.டி. ஒரு விடைத்தாளை என் மேசையில் வைத்தார்.

"இன்னாம்மா இது? சரியா போட்டுக்கினு வந்து, கடைசியில பூராவும் அடிச்சி வச்சிருக்குது இந்தப் பொண்ணு."

தாள் செல்வராணியுடையது. வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கால்குலஸ் அரியர் ஒன்றுதான் பாக்கி. அதை முடித்தால்தான் பி.எட். சேர முடியும். அவளைத் தேற வைக்கிறேன் என்று நானாகக் கை தூக்கியிருந்தேன்.

கணக்கு இதுதான்: 0 முதல் 1 வரை 1/x-ஐ இன்டக்ரேட் செய்ய வேண்டும். பூஜ்யத்தில் 1/x-க்கு மதிப்பே கிடையாது. அதனால் a என்ற சிறிய எண்ணில் தொடங்கி, அதை வலப்பக்கமிருந்து பூஜ்யத்தை நோக்கி நகர்த்தி லிமிட் எடுக்க வேண்டும். செல்வராணி எடுத்திருந்தாள். முடிவிலி வந்திருந்தது. அதாவது டைவர்ஜென்ட், எண்ணில் அடங்காமல் விரிந்துகொண்டே போகிற கணக்கு; அதுதான் சரியான விடை. அதைத்தான் அடித்துவிட்டு, கீழே பெட்டி கட்டி 0 என்று எழுதியிருந்தாள்.

"ஏன் அடிச்ச?"

"நம்பரே வரல மேடம். பதில் பெட்டிக்குள்ள நம்பரா வரணும்னு நீங்கதான போர்டுல போட்டீங்க."

போட்டிருந்தேன். எதையும் பட்டியலாக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இப்படி ஒரு புள்ளியில் உடைகிற இம்ப்ராப்பர் இன்டக்ரலுக்கு நான் வகுத்த நான்கு படிகளில் கடைசிப் படி அது. தாள் திருத்தும் என் கண்ணுக்கு வசதி. கணிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2. வைத்தியம்

நான்காம் படியை அழித்தேன். பயம் தெளியட்டும் என்று டைவர்ஜென்ட் கணக்குகளாகவே பொறுக்கிக் கொடுத்தேன். சில நாளில், பின்னத்தின் கீழே பூஜ்யம் வருவதைப் பார்த்தாலே "டைவர்ஜென்ட்" என்றாள். நானும் "வெரி குட்" என்றேன்.

ஹெச்.ஓ.டி. எட்டிப் பார்த்தார். "எல்லாக் கணக்குக்கும் ஒரே பதிலா வந்துக்கினு இருக்குதேம்மா?"

"கான்செப்ட் பிடிபட்டுடுச்சு சார்."

3. பரீட்சை

கேள்வித்தாள் கைக்கு வந்ததும் இம்ப்ராப்பர் இன்டக்ரல் கேள்வியைத் தேடினேன். 0 முதல் 1 வரை 1/√x. இதுவும் பூஜ்யத்தில் உடைகிறதுதான். ஆனால் லிமிட் எடுத்தால் அழகாக 2 வரும். இந்த ஜாதிக் கணக்கு ஒன்றைக்கூட நான் அவளுக்குக் காட்டவில்லை. ஹால் வாசலில் போய் நின்றேன்.

"பார்த்ததும் டைவர்ஜென்ட்னு எழுதிட்டேன் மேடம்" என்றபடி வந்தாள்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"அப்புறம் டைம் இருந்துச்சு. சும்மாதான இருக்கோம்னு லிமிட் போட்டேன். ரெண்டு வந்துச்சு. மாத்திட்டேன். தப்பா மேடம்?"

"சரிதான்."

"அதுக்கு இன்னாத்துக்கு மேடம் இப்படி வேர்த்துப் போய் நிக்கிறீங்க?"

வெயில் என்றேன். தேறிவிட்டாள், பி.எட். சேர்ந்துவிட்டாள். புதிதாகப் பாடம் நடத்த வருகிறவர்களுக்கு என்னிடம் ஒரே யோசனைதான் உண்டு: விரியும் கணக்கையும் விரியாத கணக்கையும் கலந்து கொடுங்கள், எது எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். உடைகிற புள்ளிக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கிற வேலை மாணவருடையது. பார்க்காமலே பதில் சொல்ல நான் பழக்கியதையும் மீறி ஒருத்தி போய்ப் பார்த்தாள்.