எந்தக் கோட்டை?

வௌவால் வாடை அடித்தால் போதும், மலைக்கோட்டைப் படிகளில் மறுபடியும் ஓடத் தொடங்கிவிடுவேன்.

அறுபதுகளில் ஒரு நாள். என் தங்கை சரசுவின் கணவர் பட்டாளத்துக்காரர்; லீவு முடிந்து எல்லைக்குக் கிளம்புகிறார். உறையூரில் தாயாரிடம் சொல்லிக்கொண்டு வருவதாகவும், எங்களைக் கோட்டையில் சந்திப்பதாகவும் சொல்லியனுப்பியிருந்தார். சிப்பாய்க்குக் கோட்டை பார்க்க ஆசை இருக்காதா! ஸ்ரீரங்கத்திலிருந்து சரசுவை அழைத்துக்கொண்டு உச்சிக்கே ஏறிவிட்டேன். கீழே காவிரி வெயிலை உருக்கிக்கொண்டு ஓடியது. துறையில் பரிசல்கள் ஒதுங்கிக் கிடந்தன. ஒரு காலத்தில் பீரங்கி முழங்கிய பாறையில் காற்று எங்களையே தூக்கியது. மாப்பிள்ளையைத்தான் காணோம்.

ஜங்ஷன் பக்கம் ரயில் புகை கிளம்பியது.

"அண்ணே! அவரு சொன்னது இந்தக் கோட்டை இல்ல, கோட்டை ஸ்டேஷன்! ஈரோட்டு வண்டி அங்கதானே நிக்கும்?"

"ஐயையோ, ஓடு!"

வௌவால் வாடை அடிக்கும் இருட்டுப் படிகளில் உருண்டோம் என்றே சொல்லலாம். குதிரை வண்டி பிடித்து ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ரயில் நகர ஆரம்பித்திருந்தது. ஜன்னலில் மாப்பிள்ளை!

"எங்க மச்சான் போயிட்டீங்க?"

"கோட்டைக்குத்தான் மாப்பிள்ளை!"

புரிந்ததும் வெடித்துச் சிரித்தார்.

இப்போதெல்லாம் யார் கோட்டைக்குக் கூப்பிட்டாலும், மலையா ஸ்டேஷனா என்று கேட்காமல் நான் செருப்பு மாட்டுவதில்லை. அன்று சரசு அவர் கையைப் பிடித்தபடி வண்டியோடு ஓடினாள். கை நழுவியதும் கத்தினாள்:

"திரும்பி வர்றப்ப ஜங்ஷன்ல இறங்குங்க! அங்க கோட்டையே கிடையாது!"