சாரதாவின் முழுக்கை ஜாக்கெட்

தையற்காரியிடம் துணியோடு வீட்டுச் சண்டையையும் சேர்த்தே கொடுப்பார்கள்; இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எவ்வளவு விடட்டும்?

பவானிப்பூரில் ஹெட் கிளார்க் ஐயர் வீடு. பெண்கல்வி என்றால் சபையில் மேசையைத் தட்டிப் பேசுகிறவர். மகள் சாரதாவுக்குப் பத்து வயது. முழுக்கை ஜாக்கெட் இல்லாத பெண்ணைத் தங்கள் வண்டியில் ஏற்ற மாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம், என்னை வரவழைத்தார்.

வளரும் பெண்ணுக்குத் தையலுக்குள் துணி மிச்சம் விடுவது வழக்கம். இரண்டு வருஷத்துக்கு வருகிற மாதிரி விடு என்றார் ஐயர். அவர் ஆபீஸுக்குக் கிளம்பியதும் அவர் மனைவி காமாட்சி அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "மிச்சமே விடாதே ரங்கம்மா. தை பொறந்தா கல்யாணம். அப்புறம் இவளுக்கு ஏது பள்ளிக்கூடம்?"

போகக் கூடாத நேரம்

தைத்ததைக் கொடுக்கப் போனால், கூடத்தில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். பிள்ளையின் அப்பா ஐயருக்கு ஆபீஸில் மேலதிகாரி. பிள்ளையின் அம்மா ஜாக்கெட்டை வாங்கி விரித்துப் பார்த்து, யார் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று கேட்டாள். ஐயர் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்திரமாக வந்தது எனக்கு. காமாட்சி அம்மாள்தான் முந்திக்கொண்டு, படிப்பை நிறுத்தியாயிற்று என்றாள்.

தலைகுனிந்து உட்கார்ந்திருந்த சாரதா நிமிர்ந்தாள். "நிறுத்தலை மாமி. நாளைக்கும் போவேன்."

கொல்லை வாசல்

சம்பந்தம் முறிந்தது. இனி அந்த வீட்டு வேலை நமக்கில்லை என்று இருந்தேன். மறுநாள் காலையிலேயே கொல்லை வழியாக வரச் சொல்லி ஆள் வந்தது. பயந்துகொண்டேதான் போனேன். உள்ளே ஐயரின் கத்தல்: மேலதிகாரி முகத்தில் எப்படி விழிப்பது, இனி இவள் வாசற்படி தாண்டக் கூடாது.

காமாட்சி அம்மாளுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். முந்தானைக்குள்ளிருந்து ஒரு புதுத் துணியை எடுத்து என் கையில் திணித்தாள். "எனக்கு ஒம்போது வயசுல கல்யாணம். அன்னிக்கு என் வாய் திறக்கலை, இவ திறந்துட்டா. அந்த ஜாக்கெட்டை அவர் ஒளிச்சு வெச்சுட்டார். சாயங்காலத்துக்குள்ள இன்னொண்ணு தச்சுடு. நாளைக்கு நானே அவளை வண்டியில ஏத்தி விடறேன்."

பெண் முன்னேற வேண்டும் என்று சபையில் பேசிவிட்டு வீட்டில் ஜாக்கெட்டை ஒளிக்கும் ஆண்கள் இருக்கும்வரை, நம் மெஷின்களுக்கு வேலைப் பஞ்சம் வராது.